தங்கச்சி கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம்

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. "ஒரே ஒரு நாளு பெரியம்மா. காலையில வந்து மாப்பிள்ளைக்கு மோதிரத்தப் போட்டுட்டு சாயங்காலமே திரும்பிப் போயிர்றேன்" என்று நீ கெஞ்சியது இரண்டு நாளாகக் காதிலேயே நிற்கிறது. கே.கே. நகரில் சமையலுக்குப் போகிற வீட்டில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அந்த டீச்சரம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கல்யாண வேலையில மனசு இங்க இல்லபோல" என்று சிரித்தார். ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன். நீ இருக்கிற ஆஸ்பத்திரி வார்டில் ஆலோசனை சொல்கிற மேடத்திடம் கேட்டேன். "போன்ல சொன்னா நீங்களும் அழுவீங்க, அவரும் அழுவாரு. எழுதுங்கம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கலாமா என்றும் கேட்டார். வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே தம்பி, உன்னோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்திருக்கிற தாய் தகப்பன்மாரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்கட்டும். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் வாசிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்வி கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். நடுவில் எழுந்து போய்விடாதே. நான் செய்த தப்புகளும் இதில் இருக்கின்றன. உன் தப்பை மட்டும் எழுதினால் மீனாட்சி அம்மன் என்னைச் சும்மா விடமாட்டாள்.

உன் அம்மா, என் தங்கச்சி, போனபோது உனக்கு ஐந்து வயது. வருஷம் திரும்புவதற்குள் உன் அப்பா பாண்டியம்மாளைக் கட்டிக்கொண்டார். நான் சோழவந்தானுக்குப் போய் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவள்தான். அன்றைக்கு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இனிமேல் குடிப்பதில்லை என்றும் முடிவு செய்தேன். நம் தெருவில் எல்லாரும், "பேர ஒங்க ரேஷன் கார்டுல ஏத்திருத்தா, ஒரு ஆளு அரிசி கூடக் கெடைக்கும்" என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அதற்கு இரண்டு காரணம். அரிசிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது ஒன்று. இன்னொன்று, தாயில்லாத பிள்ளைக்குத் தகப்பன் கார்டிலாவது பேர் இருக்கட்டும், அதையும் நான் எடுத்துவிட்டால் இவனுக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. பெரிய தர்மம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. உன் பெரியப்பா உயிரோடு இருந்தபோது, "ஒரு காகிதத்துல என்ன இருக்கு, மாத்தித் தொலையேன்" என்று எத்தனையோ தடவை சொன்னார். கேட்கவில்லை. உனக்கு மீசை முளைத்த பிறகும் மாற்றவில்லை. நீ பரவை மார்க்கெட்டிலிருந்து காய்கறி வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகும் மாற்றவில்லை.

மூட்டை தூக்கித் தோள்பட்டை வலிக்கிறது என்று நீ வலி மாத்திரை வாங்கிப் போட்டாய். எந்தப் பிள்ளைதான் போடாது? இரண்டு நாலானதும், விழுங்கியது போதாமல் கரைத்து ஊசியில் ஏற்றியதும் எனக்குத் தெரியாது. உன் சட்டையை நான்தான் துவைத்தேன். இடது கை மடிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். "என்னடா இது?" என்றால், "தக்காளிப் பெட்டி ஆணி குத்திருச்சு பெரியம்மா" என்பாய். தினமும் ஒரே இடத்தில் எந்த ஆணி குத்தும்? கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து, நல்ல சோப்பாகப் பார்த்து வாங்கினேன். இதை இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள மனம் வராமல் இருந்தோம்.

தெரிந்த பிறகு நான் செய்தது அதைவிட மோசம். செல்விக்கு அப்போதுதான் ஜாதகத்தைக் கையில் எடுத்திருந்தோம். அண்ணன் ஊசி போடுகிறான் என்று வெளியே தெரிந்தால் எந்த வீட்டிலிருந்து வருவார்கள்? உனக்கு மஞ்சள் காமாலை என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். நீ மாத்திரை கிடைக்காமல் போர்வைக்குள் கிடந்து நடுங்குவாய். வாசலில் ஆளாளுக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து நிற்பார்கள். நீ அந்த நிலையிலும், "பெரியம்மா, இன்னும் ஒரு உருண்டை தின்னேன்னா எனக்கு நெசமாவே காமாலை வந்துரும்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் சமையல்கட்டில் போய் அழுதேன். அந்தப் பொய்யையே அரசு ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டு போனேன் பார், அதுதான் மன்னிக்க முடியாதது. சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன நோய் என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் நம் தெருக்காரர் ஒருவர் நின்றார். காமாலை என்றேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஈரலுக்கு மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் போயிற்று. உன் கை வீங்கிப் பழுத்தது.

மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டினேன். என் தலையில் அடித்து சத்தியம் செய்தாய். வெள்ளிக்கிழமை கட்டிய கயிறு, செவ்வாய்க்கிழமை இல்லை. சாமியைக் குறை சொல்ல மாட்டேன். சாமியிடம் போவதற்கு முன்னால் டாக்டரிடம் உண்மையைச் சொல் என்று அவள் எனக்குப் புத்தி கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள், என் காதில் ஏறவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, ஊருக்கு வெளியே மறுவாழ்வு இல்லம் என்று போர்டு மாட்டிய ஒரு வீட்டில் உன்னை விட்டேன். செல்விக்கு வைத்திருந்த வளையல் அதற்குப் போயிற்று. அங்கே டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. முப்பது நாள் கழித்து நீ வந்தபோது கெண்டைக்காலில் வரி வரியாகத் தழும்பு. "அடிச்சாகளா?" என்று கேட்டேன். நீ கைலியை இழுத்துக் காலை மூடினாய். "அடிச்சாலாச்சும் திருந்துவியான்னு பாத்தேன்" என்று சொன்னேன் அல்லவா? அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, சாமி. அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தப்பு என்னுடையது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்ப வந்தோம். டாக்டர் உன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "கைக்கு உடனே பார்க்கிறேன். ஆனா இது கையோட முடியிற விஷயம் இல்லம்மா. மூணு மாசமாவது தங்கி வைத்தியம் பார்க்கணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதுல சேர்த்துக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன்" என்றார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அட்டைதானே, என்னிடம் இருக்கிறதே என்று காப்பீட்டுக் கவுண்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண்ணுக்கு நம் செல்வி வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்த அட்டையில நீங்களும் ஒங்க மகளும்தான் இருக்கீங்க. இவரு பேரு இல்லையேம்மா."

"நான்தான் தாயி வளத்தேன். அஞ்சு வயசுலருந்து."

"வளத்தது சரிம்மா. ரேஷன் கார்டு யாரு பேர்ல இருக்கு?"

இருபத்திரண்டு வருஷமாக நான் பெருமையாக வைத்திருந்த தர்மம் அந்த இடத்தில் என் கழுத்தைப் பிடித்தது. அங்கே நீக்கி இங்கே சேர்க்கலாமா என்றேன். சேர்க்கலாம், நாள் ஆகும் என்றாள். உன் கை இருந்த நிலைமையில் நாள் எங்கே இருக்கிறது? "அவுங்க அப்பா வீட்ல அட்டை போட்டிருந்தாங்கன்னா அதுலயே பார்த்துக்கலாம். இல்லேன்னா வருமானச் சான்று வாங்கிட்டு, கலெக்டர் ஆபீஸ்ல போய்ப் புதுசா எடுக்கச் சொல்லுங்க" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தாள். நான் நகராமல் நின்றேன். "என்னம்மா, அப்பா இல்லையா?" என்றாள். இருக்கிறார் என்றேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. அந்த ஆள் வீட்டு வாசலை மிதித்தால் நான் செத்துப்போனதாக நினைத்துக்கொள் என்று சொல்லியிருந்தாய். டீச்சரம்மா யாரிடமோ சொல்லி இடம் வாங்கித் தந்ததாகத்தான் உன்னிடம் சொன்னேன். அது பொய். நான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி சோழவந்தானுக்குப் போனேன்.

பாண்டியம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் விடாத சாபம் இல்லை. தலை நரைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கக்கா" என்றாள், போன வாரம்தான் பார்த்ததுபோல. உள்ளே உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் அங்கேயும் ஆரம்பித்தேன் பார், "பயலுக்கு மஞ்சக்காமாலை…"

பாண்டியம்மாள் கையை நீட்டி நிறுத்தினாள். "அக்கா, எந்தம்பிக்கும் வயித்துவலின்னுதான் எங்காத்தா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. கடைசி வரைக்கும் வயித்துவலிதான். இப்ப படத்துல இருக்கான். உள்ளதச் சொல்லுங்க."

அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து முதல்முதலாக உண்மையைச் சொன்னேன். மாத்திரை, ஊசி, கை, அந்த இல்லம், எல்லாம். கூடப் பிறந்தவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை, அவள் இடத்துக்கு வந்தவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, "அவனுக்கும் எனக்கும் என்ன இருக்கு மதினி? அன்னைக்கே தூக்கிட்டுப் போயிட்டீக" என்றார்.

"என்ன இருக்கா?" என்று பாண்டியம்மாள் திரும்பினாள். "இருவத்திரெண்டு வருசமா அவன் பேருக்கும் சேத்துத்தான ரேஷன் அரிசி வாங்கித் தின்னோம்? அப்ப மட்டும் மகன், இப்ப இல்லையாக்கும்? சட்டையப் போடுங்க. அக்கா, நீங்க இந்தத் தண்ணியக் குடிங்க."

குடித்தேன்.

அவர்களிடம் காப்பீட்டு அட்டை இல்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு நாள் நடந்தோம். கலெக்டர் ஆபீசில் மூன்றாவது நாள். பாண்டியம்மாள் நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். எந்தக் காகிதத்துக்கு எத்தனை நகல் என்று அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அவளைக் காட்டி, "ஒங்க தங்கச்சியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. உன் அப்பா தேய்த்த சட்டையோடு மூன்று நாளும் பேசாமல் வந்தார். போட்டோ எடுத்து, கைரேகை வைத்து வெளியே வந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒசரமா இருக்கானா மதினி?" உங்களைவிட உசரம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ வாங்கிவரப் போனார். இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாத் தாய்மாரும் கேளுங்கள். பிள்ளை பேர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கோபத்திலும் கௌரவத்திலும் நாம் அப்படியே விட்டுவைக்கிற காகிதம்தான், ஒரு நாள் பிள்ளையின் உயிருக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

ஆகவே தம்பி, நீ படுத்திருக்கிற கட்டில் உன் அப்பாவின் அட்டையில் வந்தது. நீ கோபப்படலாம். என்னோடு பேசாமல்கூட இரு. கட்டிலை விட்டு மட்டும் இறங்காதே.

ஏனென்றால் ஒரு தடவை இறங்கினாய். இறக்கியவள் நான். போன பொங்கலுக்கு நீ சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முகத்தில் ரத்தம் ஊறி, இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டாய். எனக்கு ஆசை. நல்ல நாளில் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடப்பானா? நர்ஸ் எவ்வளவோ சொன்னார், "இப்பதான்ம்மா ரொம்பக் கவனமா இருக்கணும்" என்று. "சாமி கும்பிட்டுட்டு சாயங்காலமே கொண்டாந்து விட்டுர்றேன் தாயி" என்று கையெழுத்துப் போட்டு ஆட்டோவில் கூட்டிவந்தேன். இலையில் பொங்கலைச் சாப்பிட்டாய். கரும்பு வாங்கிவருகிறேன் என்று சட்டையை மாட்டினாய். செல்வி, "நானும் வாரேன்ணே" என்றாள். "இந்தா முக்குக்குத்தான், வந்துர்றேன்" என்றாய். மறுநாள் மத்தியானம் மாட்டுத்தாவணியில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் கிடந்தாய். வாடிப்போன பூவைக் கொட்டுகிற இடத்தில். செல்விதான் முதலில் பார்த்தாள். மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள்தான் குனிந்து பார்த்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறேன் என்று நீ வெள்ளிக்கிழமை சொன்னாயே, அதில் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். பொங்கலன்றும் நீ பொய் சொல்லவில்லை. வரத்தான் நினைத்தாய்.

மறுபடி உன்னைச் சேர்க்க அந்தக் கவுண்டருக்கே போனோம். "திரும்பவுமாம்மா?" என்றாள் அந்தப் பெண். திரும்பவும்தான் என்றேன். இந்தத் தடவை என்ன நோய் என்று கேட்டபோது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. சத்தமாகவே சொன்னேன். டாக்டர் எழுதி, மேலே அனுப்பி, அனுமதி வருவதற்குள் உனக்கு என்னவெல்லாம் ஆயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. உனக்கே ஞாபகம் இருக்கும். எனக்கு இன்னொரு தடவை அந்த வரிசையில் நிற்க உடம்பில் தெம்பு இல்லை, தம்பி. நின்றாலும் நிற்பேன். ஆனால் அதற்கு நீ இருக்க வேண்டுமே.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். மச்சான் மோதிரம் போட நீ வரமாட்டாய், அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். வேலை என்று சொல்லலாம், வெளியூர் என்று சொல்லலாம். இரண்டையும் பஸ்ஸில் போகும்போதே சொல்லிப் பார்த்தேன். அங்கே போய் உட்கார்ந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்த காபியைக் கீழே வைத்தார்.

"இத நீங்க பூ வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

"எங்க சொந்தக்காரவுக கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"ஆஸ்பத்திரில இருக்கான், கொணமாகிட்டு இருக்கான்னு சொல்லுங்க. என்ன சீக்குன்னு கேட்டா அதையும் சொல்லுங்க. நான் ஒங்களுக்கு ஒரு பொய்யும் தர மாட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மாப்பிள்ளைதான் என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "அம்மா ரெண்டு நாளு பேசாது, அப்புறம் பேசும். அப்பா சீக்காக் கெடந்தப்ப நாங்களும் கொஞ்ச பேர்ட்ட மறைச்சவுகதான்" என்றார். பஸ் வந்ததும், "மச்சான்ட்ட சொல்லுங்கத்தே, லேட்டா வந்தா மோதிரம் மட்டும் பத்தாது, வாட்ச்சும் வேணும்" என்று சிரித்தார். நல்ல பிள்ளை. அவருடைய அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. பத்திரிகையில் பேர் போடுவது பற்றி ஒரு தடவை போன் செய்தார், அவ்வளவுதான். செல்விக்கு அந்த வீட்டில் என்னென்ன சொல் கேட்க வேண்டியிருக்குமோ, எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டேன், அண்ணன் வரட்டுமா என்று. மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணன் வந்தா நான் மேடையில உக்காந்துக்கிட்டு வாசலத்தான்ம்மா பாத்துக்கிட்டிருப்பேன், எப்ப எந்திரிச்சுப் போகுதோன்னு. வேணாம்மா" என்றாள். அழவில்லை. உன் பெரியப்பாவின் அண்ணன் மகன் மோதிரத்தைப் போடட்டும் என்று பேசியிருக்கிறோம்.

உனக்கு அங்கே இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவை மருந்துக்கு வர வேண்டும், அட்டை அப்போதும் வேண்டும். கார்டில் உன் பேரை என்னிடம் மாற்றுவதா, அங்கேயே விடுவதா என்று நீ வெளியே வந்து முடிவு செய். மாற்றினால் சந்தோஷம். மாற்றாவிட்டாலும் பாண்டியம்மாள் வீட்டுக்கு ஒரு நாள் போய்விட்டு வா. எனக்காக இல்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரி கேட் பூட்டியே இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். மனம் வைத்தால் நீ ஒரு பஸ்ஸில் மண்டபத்துக்கு வந்துவிடுவாய். கூட்டத்தில் உன்னை யாரும் தடுக்கமாட்டார்கள், வா வா என்று உள்ளே இழுப்பார்கள். உன்னைப் பார்த்துவிட்டால் எனக்கும் மனம் இளகிவிடும், பொங்கலன்று இளகினதுபோல. அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். செல்விக்கும் தெரியும். முகூர்த்த நேரத்தில் நான் உள்ளே இருக்க மாட்டேன். மண்டப வாசலில் ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் உள்ளே விடாமல் ஒரு ஆட்டோவில் ஏற்றி, நானும் கூட ஏறி, உன்னை வார்டில் கொண்டுபோய் விடுவேன். உள்ளே மேளச்சத்தம் கேட்டாலும் திரும்பமாட்டேன்.

ஒன்று செய்யலாம். அன்றைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு, மாத்திரை வாங்க வரிசையில் நின்றதும், உங்கள் நர்ஸிடம் சொல்லி என் போனுக்கு ஒரு தடவை கூப்பிடச் சொல். நீ பேசக்கூட வேண்டாம். உங்கள் பையன் இங்கே நிற்கிறான் என்று அவர் சொன்னால் போதும். நான் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய், என் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துக்கொள்வேன்.

பெரியம்மா